ஒலிக்காத விகுதிகள்

பார்ல், பார்ல், பார்ல், பார்லோன், பார்லே, பார்ல். 'பேசு' என்னும் பிரெஞ்சு வினையின் நிகழ்கால அட்டவணை காதுக்கு இவ்வளவுதான். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு வடிவங்கள். அவற்றில் நான்குக்கு ஒரே ஒலி. தாளில் கதை வேறு. 'நான்' வடிவம் ஈ என்ற எழுத்தில் முடியும். 'நீ' வடிவத்தில் அந்த ஈ-க்குப் பின்னால் ஓர் எஸ். 'அவர்கள்' வடிவத்தில் ஈ, என், டி என்று மூன்றெழுத்து வால். எழுத்துத் தேர்வில் அந்த வாலை விட்டால் மதிப்பெண் போகும். வாய்மொழித் தேர்வில் அதை உச்சரித்தாலும் மதிப்பெண் போகும்.

இந்த மாதிரி வடிவங்களைக் காதால் அளந்து, ஓர் அசை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று புள்ளி வைப்பதுதான் நான் கற்றுக்கொண்ட தொழில். எழுத்தைப் படித்துக் காட்டும் எந்த மென்பொருளுக்கும் அடியில் ஓர் உச்சரிப்பு அகராதி தேவை. பெங்களூரில் அப்படி ஓர் அகராதி தயாராகும் இடத்தில் பயிற்சி ஆளாகச் சேர்ந்தேன். பிரெஞ்சு வினை ஒன்றுக்கு, துணைவினை சேராத எளிய காலங்களும் பாங்குகளும் ஏழு; அட்டவணைக்கு ஆறு வீதம் 42 வடிவங்கள். ஏவலுக்கு இன்னும் 3. ஒவ்வொன்றுக்கும் ஒலிக்குறி எழுத வேண்டும், அசைப்புள்ளி வைக்க வேண்டும், பதிவைக் கேட்டு ஒப்பிட வேண்டும். எங்கள் அறையில் இதற்குப் பெயர் 'கட்டிங்'. தையற்கடை என்று நினைத்து எங்கள் தெருவில் ஒருவர் பேண்ட் துணியோடு வந்துவிட்டார்.

வீடு கோரமண்டலில். கோலார் தங்கவயலின் ஒரு பகுதி. மாரிகுப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல், பெமல் நகர், அப்புறம் பங்காருபேட்டை என்று போகும் ரயில் பாதை 1894-இல் சுரங்கத்துக்காகப் போட்டது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஊர் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஷாஃப்ட் அந்த ரயில்தான். விடியும் முன் ஏறினால் பெங்களூர். இருட்டிய பிறகு திரும்பி, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடு. ஒரே பெட்டியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, பழைய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்து ஒட்டிக்கொண்ட ஆங்கிலம் எல்லாம் கேட்கும். அதில் பிரெஞ்சும் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஏதும் இல்லை. பி.யூ.சி.யில் இரண்டாம் மொழியாக பிரெஞ்சு எடுத்தால் மார்க் விழும் என்று சொன்னார்கள், எடுத்தேன். பிறகு கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடக்கூடிய வசந்த நகர் அலியான்ஸ் ஃப்ரான்சேஸில் டெல்ஃப் தேர்வுக்குப் படித்தேன். அங்கே கற்றது பிரெஞ்சு மொழி. காதைக் கற்றுக்கொண்டது அதற்கப்புறம், ஓர் அக்காவிடம்.

அக்கா புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்களின் குடும்பத்தை அங்கே சொல்தா வீடு என்பார்கள். அப்படி ஒரு வீடு. சமையலறையில் தமிழ், பென்ஷன் காகிதத்தில் பிரெஞ்சு என்று வளர்ந்தவர். முதல் சில வாரங்கள் எனக்குத் திரையே கிடையாது. ஹெட்போன் மட்டும். "கண்ண மூடிக்கினு கேளு தம்பி. எழுத்து தெரிஞ்சா காது பொய் சொல்லும்" என்பார். தாடைக்கடியில் புறங்கையை வைத்துக்கொண்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தாடை எத்தனை தடவை இறங்கி கையைத் தொடுகிறதோ அத்தனை அசை. பார்ல், ஒன்று. பார்லோன், இரண்டு. நிகண்டு மனப்பாடம் செய்கிற பையன் மாதிரி தாடையில் கையோடு உட்கார்ந்திருந்த என்னை மற்ற மேசைக்காரர்கள் பல்வலி என்று நினைத்திருக்கலாம்.

தமிழ் வாய்க்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் பேச்சில் மெய்யெழுத்தில் சொல்லை முடிப்பதே அபூர்வம். பால் நமக்குப் பாலு, கல் கல்லு, பஸ் பஸ்ஸு. அதனால் பார்ல் என்பது எவ்வளவு கவனமாகச் சொன்னாலும் பார்லு ஆகப் பார்க்கும். தாடை இரண்டாவது தடவை இறங்கிவிடும். தென் பிரான்சில், மர்செய் பக்கத்தில், அந்த ஈ-யை உண்மையாகவே மெல்ல ஒலிப்பார்கள், அங்கே அது இரண்டு அசை. ஆனால் எங்களுக்கு வந்த பதிவுகள் வடக்கத்திக் குரல்கள். "மர்செய்க்குப் போனா உகரம் வச்சிக்கோ, இங்க வேணாம்" என்பது அக்காவின் தீர்ப்பு.

இந்த ஊமை ஈ தமிழ் படித்தவர்களுக்கு அந்நியப் பொருளே அல்ல. குற்றியலுகரம் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். நாடு என்பதில் கடைசி உகரம் அரை மாத்திரைக்குச் சுருங்குகிறது. அரசன் வந்து சேர்ந்தால் காணாமலே போய் நாட்டரசன் ஆகிறது. பிரெஞ்சிலும் உயிர் வந்தால் ஈ போய்விடும். 'நான்' என்பதற்கான ழெ, 'நேசி' என்ற எம் வடிவத்தோடு சேரும்போது ழெம் என்று ஓரசையாகச் சுருங்கும். தொல்காப்பியம் குற்றியலுகரம், முற்றியலுகரம் என்ற இருவகை உகரத்தில் முடிவதற்காகவே நேர்பு, நிரைபு என்று தனி அசை வகுத்திருக்கிறது. பின்னால் வந்த யாப்பு நூல்கள் அதை விட்டுவிட்டன. முழு அசையாக எண்ணுவதா, விடுவதா என்ற இதே தடுமாற்றத்தைப் பிரெஞ்சு யாப்பிலும் பார்க்கலாம். அவர்களின் பழைய பன்னிரண்டு அசை அடியில், மெய்க்கு முன்னால் வரும் ஈ ஓர் அசையாகக் கணக்கில் வரும், பேச்சில் வராது. 'ஃப்ரேர் ழாக்' என்ற குழந்தைப் பாட்டை நம் பள்ளிகளிலும் பாடுகிறார்கள். அந்தத் தலைப்பிலுள்ள இரண்டு சொல்லும் பேச்சில் ஓரசை, பாட்டில் ஈரசை. ஆக ஒரு வினைவடிவத்துக்கு மூன்று கணக்கு. அச்சுக்கோப்பவர் வரி முடிவில் உடைப்பது ஒன்று, பாடுபவர் எண்ணுவது ஒன்று, பேசுபவர் சொல்வது ஒன்று. 'அவர்கள் பேசுகிறார்கள்' வடிவம் இலக்கணப் புத்தகத்தில் பார்-லென் என்று இரண்டு துண்டு. தெருவில் பார்ல் என்று ஒரே துண்டு. எங்களுக்கு வேண்டியது தெரு.

தெருவில் ஒருமை எது பன்மை எது என்று எப்படித்தான் தெரிகிறது? இந்தக் கேள்விக்கு அக்கா விளக்கம் சொல்லவில்லை. இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டார். 'அவன் நேசிக்கிறான்': இ-லெம். 'அவர்கள் நேசிக்கிறார்கள்': இல்-ஸெம். வினையில் ஒரு மாற்றமும் இல்லை. 'அவர்கள்' என்னும் சுட்டுப்பெயரின் கடைசியில் இத்தனை நேரம் ஊமையாக இருந்த எஸ், உயிரெழுத்தைக் கண்டதும் குரல் கலந்த ஸகரமாகி வினையின் தலையில் ஏறிக்கொள்கிறது. பன்மை முழுவதும் அந்த ஒற்றை மெய்யில் இருக்கிறது. பேசு மாதிரி மெய்யில் தொடங்கும் வினையாக இருந்தால் அதுவும் இல்லை. முன்பின் பேச்சை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

தமிழில் வினைக்கு வால்தான் முகவரி. வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்றால் யார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சுக்காரர் வாலை எழுத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, பேச்சில் ஆளை முன்னால் நிறுத்திவிட்டார்கள். முதலில் எனக்கு இது வீண் ஆடம்பரம் என்று பட்டது. ஒரு நாள் ரயிலில் பக்கத்து இருக்கைப் பேச்சைத் தொழில் பழக்கத்தில் வெட்டிக்கொண்டே வந்தபோதுதான் நம் வாயில் நடப்பதைக் கவனித்தேன். 'அவன் வந்தான்' என்று யாரும் சொல்வதில்லை. ன் விழுந்துவிடும், அதற்குமுன் இருக்கும் ஆ மூக்குக்குப் போய்விடும். 'அவள் வந்தாள்' என்பதில் ள் விழுந்து வெறும் வந்தா. ஆணா பெண்ணா என்பது பேச்சில் அந்த ஆ மூக்கு வழியாக வருகிறதா வாய் வழியாக வருகிறதா என்பதில் மட்டுமே இருக்கிறது. இன்னும் இருக்கிறது. கேள்வியாக்கிப் பாருங்கள்: வந்தானா? வந்தாளா? தொலைந்துபோன மெய் இரண்டும் உயிரைக் கண்டதும் திரும்பி வந்துவிடும், அதுவும் அடுத்த அசையின் தலையில். வந்-தா-னா. வந்-தா-ளா. பிரெஞ்சில் லியேஸோன் என்று அலியான்ஸில் வாரக்கணக்கில் நடத்தியது இதைத்தான். மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "இத்தினி நாளா என்னா கேட்டுக்கினு இருந்த?" என்றார்.

மூக்கொலி நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால் 'வா' என்னும் வினை சுலபமாக வந்தது. அவன் வருகிறான்: வியான், அந்த ன் எழுத்துக்காகப் போட்டது, ஒலி முழுவதும் மூக்கில். அவர்கள் வருகிறார்கள்: வியென், இங்கே உயிர் வாய்க்கு வந்துவிட, ன் நாக்கு நுனியில் நன்றாகவே ஒலிக்கும். எடு, பிடி போன்ற வினைகளிலும் இதே. இன்னொரு கூட்டம் வேறு மாதிரி: 'முடி' என்பது ஒருமையில் ஃபினி, பன்மையில் ஃபினிஸ், 'தூங்கு' ஒருமையில் தோர், பன்மையில் தோர்ம், 'வாசி' ஒருமையில் லி, பன்மையில் லீஸ். ஈ-என்-டி வால் இங்கேயும் ஊமைதான். ஆனால் அந்த ஊமைதான் தனக்கு முன்னால் நிற்கும் மெய்யைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஒருமையில் அந்தக் காவல் இல்லை, மெய் விழுந்துவிட்டது. ஒலிக்காத எழுத்து வீண் எழுத்து என்று நினைத்திருந்த எனக்கு இந்த ஒரு விஷயம் தெரிந்த பிறகு ஸ்பெல்லிங் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது.

திரை கிடைத்த பிறகு ப்ராட் என்ற மென்பொருளில் உட்கார வைத்தார்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் செய்தது, இலவசம், உலகம் முழுக்க ஒலியியல் படிப்பவர்கள் கையில் இருப்பது. குரல் அதில் அலையாகவும் சாம்பல் பட்டைகளாகவும் விரியும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் படம் புதிதல்ல. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். மேலே வீட்டில் பாத்திரம் அதிரும். அதைக் கருவி வைத்துக் கேட்டுப் பதிவு செய்ததுண்டு. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமே 1988-இல் இங்கேதான் அமைந்தது. அப்பா என் திரையை எட்டிப் பார்த்து, "இது எந்த லெவல்ல வெடிச்சது?" என்று கேட்டார்.

குறியீடு எழுதுவது பன்னாட்டு ஒலிக்குறியில். 1886-இல் பாரிசில் பால் பஸியும் வேறு சில மொழி ஆசிரியர்களும் தொடங்கிய சங்கத்தின் கொடை அது. வகுப்பறைக்காகப் பிறந்த குறி என்பதாலோ என்னவோ, கற்றுக்கொள்ள நாள் பிடிக்கவில்லை. புள்ளி வைப்பதுதான் நாள் பிடித்தது.

அடிப்படை விதி நன்னூல் படித்தவருக்குத் தெரிந்ததே. மெய்மேல் உயிர் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பால், ஆறு இரண்டும் சேர்ந்தால் பா-லா-று; ல் முதல் சொல்லோடு நிற்காது. எங்கள் ஊருக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி அந்தப் பாலாற்றில்தான் இருக்கிறது. பிரெஞ்சு இதை வாக்கியம் முழுக்கச் செய்கிறது. சொல் எங்கே முடிந்தது என்பது அசைக்கு ஒரு பொருட்டே அல்ல. நமக்குச் சிரமம் இரண்டு மெய் சேர்ந்து வரும் இடத்தில். தமிழ் அசை இரட்டை மெய்யில் தொடங்காது, ஆகவே பத்திரம், சக்கரம் என்று உடைத்துக்கொள்வோம். 'திற' என்னும் வினை நம் வாயில் ஊவ்-ரீர்; அவர்கள் வாயில் ஊ-வ்ரீர். வல்லின வகை மெய்யோ ஃப, வ ஒலியோ வந்து, பின்னால் ர அல்லது ல வந்தால் பிரிக்கக் கூடாது. இந்த ஒரு விதியால் 'மற' என்னும் வினையில் 'நாங்கள்' வடிவம் ஊ-ப்ளி-யோன் என்று மூன்றசை ஆகிறது. இப்படி இரட்டை மெய் முன்னால் இல்லாத இடத்தில் இயோன் என்பது ஒரே அசைக்குள் அடங்கிவிடும்.

எதிர்காலம் தனி ரகளை. 'கொடுப்பேன்' எழுத்தில் மூன்று துண்டு, பேச்சில் தொன்-ரே என்று இரண்டு. அதே வாய்ப்பாட்டில் வரும் 'பேசுவேன்' மட்டும் பார்-லெ-ரே என்று மூன்றாகவே நிற்கிறது. நடுவிலுள்ள ஈ-யை விட்டால் ர், ல், ர் என்று மூன்று மெய் முட்டிக்கொள்ளும், வாய் ஒப்பாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மோரிஸ் கிராமோன் என்ற மொழியியலாளர் இதை மூன்று மெய் விதி என்று வகுத்தார். விதிக்கு விலக்குகள் ஏராளம். பின்னால் வந்தவர்கள் அவரைக் கிழித்திருக்கிறார்கள். இருந்தாலும் மேசையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான எதிர்கால வடிவங்களுக்குப் புள்ளி வைப்பவனுக்குக் கைகொடுப்பது அந்தப் பழைய விதிதான்.

அசை மாறினால் எழுத்தே மாறும் வினைகளும் உண்டு. 'கூப்பிடு': நாங்கள் கூப்பிடும்போது அப்-லோன், ஒரு எல் போதும். நான் கூப்பிடும்போது அ-பெல்; உயிர் மூடிய அசைக்குள் வந்து திறந்த எகரமாகிவிட்டதால் எல் இரட்டிக்கிறது. 'வாங்கு' என்னும் வினையில் அதே மாற்றத்துக்கு இரட்டிப்புக்குப் பதில் ஈ-யின் தலையில் சாய்கோடு. ஏன் ஒன்றுக்கு இது, ஒன்றுக்கு அது? காரணம் கிடையாது. 1990 டிசம்பரில் பிரெஞ்சு அரசிதழில் வந்த எழுத்துச் சீர்திருத்தப் பரிந்துரைகள் இத்தகைய வினைகளில் பெரும்பாலானவற்றைச் சாய்கோட்டின் பக்கம் தள்ளின. 'கூப்பிடு', 'எறி' இரண்டையும் அவற்றின் குடும்பத்தையும் மட்டும் பழக்கம் கருதி விட்டுவிட்டார்கள். பழைய எழுத்தும் செல்லும், புதியதும் செல்லும் என்பதால் அகராதியில் இரண்டுக்கும் இடம் வைக்க வேண்டியிருக்கிறது.

மென்பொருளை உண்மையில் திணறடிப்பது ஒரே எழுத்து, இரண்டு ஒலி. பிரெஞ்சுப் பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்லும் ஒரு வாக்கியம்: கன்னிமாடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன. 'கன்னிமாடம்' என்ற பெயரும் 'அடைகாக்கின்றன' என்ற வினையும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பெயர் கூ-வான் என்று ஈரசை, வினை கூவ் என்று ஓரசை. 'பங்குகள்' என்ற பெயரும் 'சுமந்துகொண்டிருந்தோம்' என்ற வினையும் அப்படியே; ஒன்றில் டி-க்கு ஸகர ஒலி, மற்றதில் தகர ஒலி. இங்கே காது மட்டும் போதாது. எழுவாய் எது, பயனிலை எது என்று பார்த்தால்தான் அசை தெரியும். எங்கள் கோப்பில் இந்த இணைகளுக்குத் தனிப் பக்கம் உண்டு, பக்கத்துக்கு 'கோழிப் பண்ணை' என்று பெயர்.

யாரும் பேசாத வடிவங்களுக்கும் புள்ளி வைத்தாக வேண்டும். 'பேசினோம்', 'பேசினீர்கள்' என்பதற்கான பழைய இறந்தகாலம் பார்-லாம், பார்-லாத். வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் சிரிப்பார்கள். ஆனால் கதைப்புத்தகம் அதில்தான் நடக்கும். தமிழில் வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் கொண்டுவந்த 'குட்டி இளவரசன்' மூலத்தில் பெரும்பாலும் அந்தப் பழைய இறந்தகாலத்தில் சொல்லப்பட்டது. ஸ்ரீராம் 'அந்நியன்' என்று தமிழாக்கிய கம்யுவின் 1942 நாவலோ பேச்சு வழக்கு இறந்தகாலத்தில் ஓடுவது. வெளிவந்தபோது அது பெரிய பேச்சானது. இரண்டையும் மூலத்தில் உரக்கப் படித்தால் தாடை கணக்கு வித்தியாசம் சொல்லும். துணைவினை வந்து ஒட்டிக்கொள்வதால் இரண்டாவதில் லியேஸோனுக்கு வாய்ப்பு அதிகம்.

இப்போது மேசையில் கிடக்கும் தகராறும் லியேஸோன்தான். சுட்டுப்பெயருக்கும் வினைக்கும் நடுவே அது கட்டாயம். நூ-ஸா-வோன், விட முடியாது. 'போ' என்ற ஏவலுக்கு எஸ் கிடையாது, ஆனால் 'அங்கே போ' என்று சேர்க்கும்போது ஒலிக்காகவே ஓர் எஸ் வரவழைத்து வா-ஸி என்பார்கள். 'பேசுகிறானா' என்பதில் நடுவே உடம்படுமெய் மாதிரி ஒரு டி. இவையெல்லாம் தீர்ந்த விஷயம். தீராதது வினைக்குப் பின்னால் வரும் விருப்ப லியேஸோன். 'காத்திருந்தோம்' என்பதை நூ-ஸா-வோன்-ஸா-தான்-த்யு என்றும் சொல்லலாம், நடு ஸகரம் இல்லாமலும் சொல்லலாம். செய்தி வாசிப்பவர் முதலாவது, கடைத்தெருக்காரர் இரண்டாவது. இதைவிட மோசம் அரசியல்வாதிகள். பியேர் ஆன்க்ரெவே 1988-இல் வெளியிட்ட ஆய்வில் அவர்களின் மேடைப் பேச்சைக் கவனித்து எழுதியிருக்கிறார்: மெய்யை ஒலிப்பார்கள், ஆனால் அடுத்த சொல்லோடு ஒட்டவிட மாட்டார்கள். ஸகரத்தைச் சொல்லிவிட்டு ஒரு நிறுத்தம், அப்புறம் உயிர். உயிருக்கு முன்னால் மெய் ஒட்டியே தீரும் என்று இவ்வளவு நாள் வைத்த புள்ளியெல்லாம் அங்கே செல்லாது.

பாராளுமன்றப் பேச்சுப் பதிவு ஒன்றில் அப்படிப்பட்ட ஸகரங்கள் வரிசையாக வந்தபோது, புள்ளியை அதற்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று அக்காவும் நானும் ஒரு மதியம் முழுக்க வாதிட்டோம். எழுத்துப்படி அது வினையின் சொத்து, இடது பக்கம் நிற்கட்டும் என்பது அவர் கட்சி. கேட்பவர் காது அடுத்த உயிருக்காகக் காத்திருக்கிறது, வலது பக்கம் போகட்டும் என்பது என் கட்சி. கடைசியில் இடது பக்கம்தான் வைத்தோம்; நிறுத்தம் இருக்கும்போது வலது பக்கம் ஒட்ட எதுவுமில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வடிவங்களை மட்டும் தனி நிறத்தில் குறித்து வைத்திருக்கிறோம். அடுத்து வந்திருப்பவை கியூபெக் பதிவுகள். அங்கே இகரத்துக்கு முன்னால் தகரம் ஸகரத்தோடு உரசிக்கொண்டு வருமாம். பார்ல் அட்டவணையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்று அக்கா திரையை மூடி ஹெட்போனைக் கையில் கொடுத்துவிட்டார்.